போதகரின் படிப்பறையும் இணையத்தளங்களும்: ஒரு திறனாய்வு

நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது நம் இறையியல் வட்டாரங்களில் நெடுநாளைய வழக்கம். ஒரு நூலின் ஆசிரியர் யார், அது எத்தனையாம் பதிப்பு, எந்த மூலத்தைத் தழுவியது, எவருக்குப் பயன்படும் என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே அதனை மாணவர் கையில் கொடுக்கிறோம். ஆனால் இன்று மாணவரும் போதகரும் மிகுதியாக வாசிப்பவை நூல்கள் அல்ல. கைப்பேசியிலும் கணினியிலும் திறக்கப்படும் இணையத்தளங்களே. அவற்றை எவரும் அவ்வாறு மதிப்பிடுவதாகத் தெரியவில்லை. “இணையத்தில் இருக்கிறது” என்பதே போதிய சான்றாகக் கூறப்படுகிறது. “நூலகத்தில் இருக்கிறது” என்று மட்டும் ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் அடிக்குறிப்பு எழுதினால், அதனை எந்த ஆசிரியர் ஏற்றுக்கொள்வார்? ஆகவே நூல்களுக்குச் செய்யும் நியாயத்தை இத்தளங்களுக்கும் செய்யும் நோக்குடன், இறையியல் கற்போருக்கும் திருப்பணியாளருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். முழுமையான பட்டியல் ஒன்றைத் தருவது நம் நோக்கமன்று. அத்தகைய பட்டியல்கள் வேண்டிய மட்டும் உள்ளன; அவற்றால் எவரும் நன்மை பெற்றதாக நாம் அறியோம்.

இம்மதிப்பீட்டை எழுதும்பொழுது நம் மனக்கண் முன் நிற்பவர், கிராமச் சேகரமொன்றில் ஐந்தாறு சபைகளைக் கவனித்துவரும் ஆயர். அவருடைய படிப்பறையில் ஒரு வேதாகமம், ஓர் ஒத்தவாக்கிய அகராதி, கல்லூரிக் காலத்தில் எழுதிய குறிப்பேடுகள், அன்பளிப்பாக வந்த சில விளக்கவுரைகள் ஆகியவை இருக்கலாம். நல்ல விளக்கவுரைத் தொகுதி ஒன்றின் விலை அவருடைய மாதச் சம்பளத்திற்கு எட்டாதது. கல்லூரி நூலகமோ பேருந்தில் அரைநாள் பயணம். இத்தகையவரின் கைக்கு இணையம் எதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது, எதைக் கொண்டுவந்ததாகப் பாவனை செய்கிறது என்பதே நம் கேள்வி.

முதலில் சீனாய்ச் சுவடியின் தளத்தைக் குறிப்பிடுவோம். நான்காம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் தோல்தாள்களில் எழுதப்பெற்ற இச்சுவடியே புதிய ஏற்பாட்டை முழுமையாகக் கொண்டுள்ள மிகப் பழைய சுவடி. அது இன்று ஓரிடத்தில் இல்லை. டிஷெண்டார்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1844இல் சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்திலிருந்து கொண்டுசென்ற 43 தாள்கள் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1859இல் அவர் பெற்றுச் சென்ற பெரும்பகுதி இரஷ்யப் பேரரசரைச் சேர்ந்தது. பின்னர் 1933இல் சோவியத் அரசு அதனை ஒரு இலட்சம் பவுனுக்கு இங்கிலாந்துக்கு விற்றது. அவ்வாறு வந்த 347 தாள்கள் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. சில துண்டுகள் இரஷ்யாவிலேயே தங்கிவிட்டன. 1975இல் மடத்திலேயே மேலும் சில தாள்களும் துண்டுகளும் கண்டெடுக்கப்பட்டன. இந்நான்கு இடத்தாரும் ஒன்றுகூடி, சிதறிக் கிடந்த தாள்களையெல்லாம் 2009இல் ஒரே தளத்தில் ஒன்றுசேர்த்தனர். டிஷெண்டார்ஃப் அவற்றை எடுத்துச்சென்ற முறை சரியா என்னும் பழைய வழக்கு தீர்ந்தபாடில்லை. ஆயினும் நால்வரும் ஒப்புக்கொண்ட சொற்களில் அவ்வரலாறும் தளத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பொருளைக் காட்டுவதோடு, அது தம் கைக்கு எப்படி வந்தது என்பதையும் கூறும் தளங்கள் மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

தளத்தைப் பயன்படுத்துவது எளிது. வேண்டிய நூலையும் அதிகாரத்தையும் வசனத்தையும் தெரிந்தெடுத்தால் ஒருபுறம் தாளின் நிழற்படமும் மறுபுறம் அதன் எழுத்துப்பெயர்ப்பும் தோன்றும். எழுத்துப்பெயர்ப்பில் ஒரு சொல்லைத் தொட்டால், படத்தில் அச்சொல் இருக்கும் இடம் சுட்டப்படும். பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படங்களும் உண்டு. அவற்றில் தோலின் சுருக்கமும், சுரண்டி அழித்த இடங்களும் தெளிவாகத் தெரியும். கிரேக்கத்தில் முதலாண்டுப் பயிற்சி பெற்ற மாணவர் எவரும் இடைவெளியின்றி எழுதப்பட்ட இப்பேரெழுத்துகளைச் சற்றுப் பொறுமையுடன் வாசித்துவிடலாம்.

இதனால் பிரசங்கிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். பெரிய வியாழன் இரவு ஆராதனையில், கெத்செமனேயில் ஆண்டவரைத் திடப்படுத்த வந்த தூதனைப் பற்றியும் இரத்தத்தைப் போன்ற வியர்வையைப் பற்றியும் நாம் பிரசங்கிக்கிறோம். லூக்கா 22:43, 44 ஆகிய இவ்விரு வசனங்களும் சில பழைய சுவடிகளில் இல்லை என்று பாடநூல்கள் கூறும். மாணவர் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மறந்துவிடுவார். சீனாய்ச் சுவடியின் அப்பக்கத்தைத் திறந்து பார்த்தவர் மறக்கமாட்டார். முதல் எழுத்தர் இவ்வசனங்களை எழுதியிருக்கிறார்; பிறகு வந்த திருத்துநர் ஒருவர் இவை வேண்டாவென ஓரத்தில் அடையாளமிட்டிருக்கிறார்; அவருக்குப் பின் வந்த வேறொருவர் அந்த அடையாளங்களை நீக்கியிருக்கிறார். துயருற்று வியர்வை சிந்தும் கிறிஸ்துவைத் திருமறையில் வைத்துக்கொள்வதா, விலக்கிவிடுவதா என்று பழங்காலத் திருச்சபை தயங்கிய தயக்கம் அந்தத் தோலின் மீது கண்கூடாக இருக்கிறது. கிறிஸ்துவின் மனுஷீகத்தைப் பற்றிய விவாதங்களை ஒரு பருவம் முழுவதும் கற்பித்தும் ஆசிரியரால் காட்ட முடியாத ஒன்றை இந்த ஒரு பக்கம் காட்டிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திரியேகத்துவ ஞாயிற்றில் நம் பிரசங்கபீடங்களிலிருந்து தவறாமல் மேற்கோள் காட்டப்படுவது 1 யோவான் 5:7. நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றி அங்கே வாசிக்கிறோம். சீனாய்ச் சுவடியில் அவ்விடத்தைத் தேடுவோருக்கு அது கிடைக்காது. இங்கு எவரும் சுரண்டி அழிக்கவில்லை. அது அங்கு எழுதப்படவே இல்லை. கிரேக்கச் சுவடிகளில் மிகப் பிற்பட்ட சிலவற்றில் மட்டுமே அவ்வாக்கியம் காணப்படுகிறது. இதனால் திரியேக உபதேசம் ஆட்டங்காண்பதில்லை. அவ்வாக்கியத்தின் துணையின்றியே நிசேயாவிலும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் அது உருப்பெற்றது. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைப்பேசியில் இதைக் கண்டு, “ஐயா, இது எப்படி?” என்று ஞாயிறு பள்ளியில் கேட்கும் நாள் வந்துவிட்டது. அவன் பார்த்ததைப் போதகர் பாராதிருப்பது நல்லதன்று.

எருசலேமிலுள்ள இஸ்ரவேல் அருங்காட்சியகம் 2011இல் அமைத்த சாக்கடற் சுருள்களின் தளமும் இத்தகையதே. ஏறக்குறைய 7.34 மீட்டர் நீளமுள்ள பெரிய ஏசாயாச் சுருளை முதலிலிருந்து கடைசிவரை விரலால் நகர்த்திப் பார்க்கலாம். அதில் நாற்பதாம் அதிகாரத்தை நாடிச் செல்லுமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். புல் உலர்வதையும் பூ உதிர்வதையும் கூறும் இடத்தில், ஏழாம் வசனத்தின் பிற்பகுதியும் எட்டாம் வசனத்தின் முற்பகுதியும் முதலில் எழுதப்படாமல் விடப்பட்டு, வேறொரு கையினால் வரிகளுக்கிடையிலும் ஓரத்திலுமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. கர்த்தருடைய திருநாமம் வரவேண்டிய இடத்தில் அக்கை எழுத்துகளை எழுதாமல் நான்கு புள்ளிகளை வைத்திருக்கிறது. ஒரே சொற்றொடர் இருமுறை வருவதால் முதல் எழுத்தரின் கண் தவறித் தாவிற்று என்பர் சிலர். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பிலும் அப்பகுதி இல்லாமையால் குறுகிய பாடமே மூலம் என்பர் வேறு சிலர். எப்படியாயினும், திருநாமத்தை எழுத அஞ்சிய ஒரு மனிதரின் நான்கு புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் பிரசங்கபீடத்தில் ஏறும் போதகர், தேவனுடைய வசனம் நிலைத்திருப்பதைப் பற்றி வேறு குரலில் பேசுவார் என எண்ணுகிறோம்.

இவ்விரு தளங்களையும் நாம் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இவை முடிவைத் தருவதில்லை, சான்றைத் தருகின்றன. வாசிப்பவரே உழைக்கவேண்டும். இதற்கு நேர்மாறானவை, ஆயத்தப் பிரசங்கங்களை வழங்கும் தளங்கள். சனிக்கிழமை இரவில் அவை எவ்வளவு பார்க்கப்படுகின்றன என்பதை ஞாயிறு காலையில் சபையில் அமர்ந்திருப்போர் ஊகிக்கலாம். குளிர்நாட்டுப் பனிப்பொழிவைக் குறித்த உவமையைப் பங்குனி வெயிலில் கேட்க நேரும்பொழுது ஊகிக்கவும் தேவையில்லை. இப்பொழுது கேட்டவுடன் பிரசங்கமே எழுதித் தரும் எந்திரங்களும் வந்துள்ளன. இல்லாத நூலுக்கும் பக்க எண் சொல்லவல்லவை அவை. இவற்றைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

நாம் விரிவாக எழுத விரும்புவது இலவச நூல் தளங்களைப் பற்றியே. ஏனெனில் அவற்றால் விளையும் நன்மை பெரிது. தீங்கோ கண்ணுக்குத் தெரியாதது. அமெரிக்காவில் ஹாரி பிளாண்டிங்கா என்னும் கணினிப் பேராசிரியர் 1993இல் தொடங்கிய கிறிஸ்தவ இலக்கியத் தளம் இவற்றுள் மூத்தது. பின்னர் அது கால்வின் கல்லூரியைச் சார்ந்து வளர்ந்தது. திருச்சபைப் பிதாக்களின் எழுத்துகளை ஆங்கிலத்தில் கொண்ட 38 தொகுதிகளும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு இத்தொகுதிகளை முழுமையாக வைத்திருந்த கல்லூரிகளை விரல்விட்டு எண்ணலாம். இன்று ஒரிகெனையும் அகுஸ்தீனையும் கிறிசோஸ்தமையும் எந்தக் கிராமத்திலும் வாசிக்கலாம். இது சிறிய காரியமன்று.

ஆனால் இவை ஏன் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதை எவரேனும் சிந்தித்ததுண்டா? பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் கிடைக்கின்றன. அதாவது, பழையன என்பதாலேயே இலவசம். இத்தொகுதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெளிவந்தவை. சர்தை நகரத்து மெலித்தோவின் பஸ்கா அருளுரை 1940இல்தான் அச்சில் வந்தது. ஆகவே அது அங்கில்லை. ஞானமார்க்கத்தாரின் சொந்த நூல்கள் எகிப்தில் நாக் அம்மாதி என்னுமிடத்தில் 1945இல் கிடைத்தன. ஆகவே அங்கே அவர்களைப் பற்றி அவர்தம் எதிராளியாகிய இரேனேயு சொல்வது மட்டுமே கேட்கும். ஒரு வழக்கில் வாதியின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நிலைக்கு மாணவர் ஆளாகிறார். தாம் அவ்வாறு ஆளாகியிருப்பதைத் தளம் அவருக்குச் சொல்வதுமில்லை.

விளக்கவுரைகளிலும் இதுவே நிலைமை. ஏறக்குறைய எல்லா இலவச வேதாகமத் தளங்களிலும் செயலிகளிலும் முதலில் நிற்பவர் மத்தேயு ஹென்றி. பக்தி மணம் கமழும் எழுத்து, மறுப்பதற்கில்லை. ஆனால் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சுவேலை நடந்துகொண்டிருந்த 1714ஆம் ஆண்டிலேயே அவர் காலமாகிவிட்டார். மூன்று நூற்றாண்டுகளாக நடந்த ஆராய்ச்சிகள், அகழ்வுகள், விவாதங்கள் ஒன்றும் அவர் அறியாதவை. நம் நாட்டு இறையியலறிஞர் எழுதியவை, ஒடுக்கப்பட்டோர் நோக்கில் எழுந்தவை, பெண்கள் எழுதியவை ஆகியன பெரும்பாலும் உரிமைக்குட்பட்டவை. ஆகவே இலவசத் தளங்களில் அரிது. நம் கல்லூரிகள் ஐம்பது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய இறையியல் ஒருபுறமிருக்க, கைப்பேசியின் வழியாகப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாட்டுத் திருச்சபை நம் கிராமப் பீடங்களில் வந்து அமர்ந்துகொண்டிருக்கிறது. எவரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. பதிப்புரிமைச் சட்டம் செய்கிறது.

மூலமொழி அகராதிகளில் இத்தீங்கு இன்னும் நுட்பமானது. ஸ்ட்ராங் என்பவரின் ஒத்தவாக்கிய நூல் 1890இல் வெளிவந்தது. அதிலுள்ள எண்களைக் கொண்டு கிரேக்கமும் எபிரேயமும் கற்காதவரும் மூலச்சொற்களைத் தேடிப் பிடிக்கலாம். தேயர் என்பவரின் கிரேக்க அகராதி 1880களில் ஆங்கிலத்தில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கே உரியன, வெளியிலக்கியத்தில் வழங்காதன என்று 700க்கு மேற்பட்ட சொற்களை அது பட்டியலிட்டது. அது வெளிவந்து சில ஆண்டுகளுக்குள் எகிப்திய மணலிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளைக் கொண்டு, அவற்றுள் பெரும்பாலானவை கடைத்தெருவிலும் கடிதங்களிலும் வழங்கிய சாதாரணச் சொற்களே என்று டைஸ்மான் 1895 முதல் நிலைநாட்டினார். எபிரேயத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் பெரிய அகராதி 1906இல் முடிவுற்றது. உகரித் நகரத்தின் களிமண் ஏடுகள் வெளிப்பட்டது 1929இல். கானானியரின் பாகாலைப் பற்றிய அவர்கள் சொந்தப் பாடல்களை அவ்வகராதிக்காரர் கண்டதில்லை.

“மூலபாஷையில் இதன் அர்த்தம் என்னவென்றால்” என்று தொடங்கும் பிரசங்கங்கள் இவ்வகராதிகளிலிருந்தே பிறக்கின்றன. சபையைக் குறிக்கும் எக்ளேசியா என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ராங்கின் குறிப்பு, வெளியே அழைத்தல் என்னும் சொற்பிறப்பைக் கூறி, உடனே மக்கள் கூட்டம் என்னும் வழக்குப் பொருளையும் தருகிறது. பிரசங்கி முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார். உலகத்தினின்று வெளியே அழைக்கப்பட்டோரே சபை என்று அரைமணி நேரம் விரிக்கிறார். எபேசுவில் பவுலுக்கு விரோதமாகக் கூச்சலிட்ட கும்பலுக்கும், நகரத்தார் முறைப்படி கூடும் அவைக்கும் அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் இதே சொல்தான் வருகிறது. அவர்களை யார் எதினின்று வெளியே அழைத்தது? சொல்லின் பொருளை அதன் வேரில் தேடும் இப்பழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இலேயே கடுமையாகக் கண்டித்தார். அந்நூல் உரிமைக்குட்பட்டது, ஆகவே நம் பிரசங்கியின் கைப்பேசியில் இல்லை. வல்லமையைக் குறிக்கும் துனாமிஸ் என்னும் சொல்லை வெடிமருந்தாகிய டைனமைட்டோடு இணைத்துப் பேசுவோர் இன்னும் ஒருபடி மேலே போகின்றனர். நோபல் அவ்வெடிமருந்துக்குப் பெயரிட்டது 1867இல். அப்போஸ்தலனாகிய பவுலின் மனதில் அது இருந்திருக்க வழியில்லை.

இதில் நமக்கு வருத்தம் தருவது வேறொன்று. எக்ளேசியாவுக்கு நம் முன்னோர் வைத்த ‘சபை’ என்னும் சொல்லே கூட்டம், அவை என்னும் பொருளை உடையது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஊர்க் காரியங்களை முடிவுசெய்த சபையைப் பார்க்கிறோம். ஊரார் கூடி நீதி வழங்கிய அவையின் நினைவு அச்சொல்லில் இருக்கிறது. அச்சபையில் இடம் மறுக்கப்பட்டோர் யார் என்னும் கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. கிரேக்க நகரங்களின் எக்ளேசியாவிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. அப்பெயரையே எடுத்து, அடிமையும் பெண்ணும் புறஜாதியானும் உட்காரும் கூட்டத்துக்கு முதற் கிறிஸ்தவர்கள் சூட்டினார்கள். இப்பொருள் வளமெல்லாம் தாய்மொழிச் சொல்லில் காத்திருக்க, நாம் எண்ணைத் தட்டி ஆங்கிலக் குறிப்பைத் தேடி ஓடுகிறோம்.

அகராதி தேடுவோருக்குத் தகுந்த தளங்கள் இல்லாமல் இல்லை. கேம்பிரிட்ஜிலுள்ள டிண்டேல் இல்லத்தார் 2013இல் வெளியிட்ட ஸ்டெப் வேதாகமத் தளம், நூலக வசதியற்ற நாடுகளிலுள்ளோரை மனதிற்கொண்டே அமைக்கப்பட்டது. கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் இயங்கும். மின்சாரமும் இணைப்பும் ஒருங்கே கிடைப்பது அரிதான இடங்களில் இது பெரும் உபகாரம். ஒரு சொல் வரும் எல்லா இடங்களையும் ஒருசேரக் காட்டுவதால், வேரைவிட்டு வழக்கைப் பார்க்கும் பழக்கம் மாணவருக்கு வாய்க்கும். இவ்வகையில் நாம் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் தளம் இது ஒன்றே.

தமிழுக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் தென்னாசிய அகராதித் தளத்தில் 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனும், பெப்ரீஷியஸ் அகராதியின் 1972ஆம் ஆண்டுத் தரங்கம்பாடிப் பதிப்பும் உள்ளன. வேப்பேரியில் 1779இல் அச்சேறிய ஒரு மிஷனெரியின் உழைப்பு இன்று உலகெங்கும் தேடப்படுகிறது. திருமறை மொழிபெயர்ப்பில் வழங்கும் கிருபை, நீதி, இரட்சிப்பு, விசுவாசம் முதலிய சொற்கள் கிறிஸ்தவர் அல்லாதாரிடையே என்ன பொருளில் வழங்கின, மிஷனெரிமார் அவற்றை எப்பக்கம் வளைத்தனர் என்பதை இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர் அறிந்துகொள்வார். பட்ட மேற்படிப்பு ஆய்வுகளுக்கு இங்கே பொருள் நிறைய உண்டு. ஏனோ ஒருவரும் தொடவில்லை போலும்.

சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை வாசகர் பலர் அறிவர். உலகின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வலர் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி ஏற்றிய தமிழ் இலக்கியங்கள் அங்கே இருக்கின்றன. தேம்பாவணியும், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நீதிநூலும் சைவ வைணவ நூல்களோடு ஒரே வரிசையில் நிற்பதைக் காண மகிழ்ச்சியே. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை நூலின் முகப்பிலேயே நன்றியுடன் குறிப்பிடுவது அத்தளத்தின் நல்ல மரபு. குறையும் உண்டு. செய்யுளே முதன்மை பெறுவதால், பழம் பதிப்புகளின் முன்னுரைகளும் பாடவேறுபாடுகளும் பல நூல்களில் விடுபட்டுள்ளன. சொல்லைத் தேட அது போதும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவதற்கு அச்சுப் பிரதியையே நாடவேண்டும்.

அச்சுப் பிரதியின் நிழற்படமே வேண்டுமெனில் 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகத்தைத்தான் நாடவேண்டும். தமிழ்க் கிறிஸ்தவ நூல்களின் பழம் பதிப்புகள் அங்கே சிதறிக் கிடக்கின்றன. தலைப்புகள் பலவிதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் பதிவாகியுள்ளமையால், ஒரே நூலை நான்கு வகையாக எழுதித் தேடவேண்டியிருக்கிறது. இதுவும் நிலையான இடம் என்று எண்ணிவிடலாகாது. 2024 அக்டோபரில் அக்காப்பகம் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாட்கள் முற்றிலும் மூடிக்கிடந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 2023 அக்டோபரில், பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் முடக்கப்பட்டு அதன் சுவடிப் படங்கள் பலவும் நெடுங்காலம் கிடைக்காமற் போயின. பயனுள்ள பக்கத்தைக் கண்டவர் அதனை இறக்கி வைத்துக்கொள்வது நலம்.

ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் என்னும் தளம் 2005இல் தொடங்கப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு அத்தளத்தின் அவசரம் விளங்கும். நம் பார்வையில் அதன் சிறப்பு, பெருநூல்களில் இல்லை. கோவில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், மறைந்தோர் நினைவு மலர்கள் ஆகியவற்றையும் அது படமெடுத்து வைத்திருக்கிறது. நம் சபைகளின் நூற்றாண்டு மலர்களை எந்தக் கல்லூரி நூலகம் முறையாகச் சேர்க்கிறது? ஒரு சபையின் முதல் குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து வந்தன, பஞ்ச காலத்தில் எத்தனை பேர் சேர்ந்தனர், ஆலயத்துக்கு நிலம் கொடுத்தவர் யார் என்பவை அம்மலர்களில் மட்டுமே இருக்கும். அவை ஆலய நிர்வாகி வீட்டு அலமாரியில் கரையானுக்கு இரையாகின்றன.

இறுதியாக ஹாலே. ஜெர்மனியிலுள்ள பிராங்கே அறநிலையத்தார், தரங்கம்பாடி மிஷனெரிமார் அனுப்பிய அறிக்கைகளை 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டுவந்தனர். அவ்வறிக்கைகளும், அங்கு சேர்ந்த தமிழ் ஓலைச்சுவடிகளைப் பற்றிய குறிப்புகளும் இப்பொழுது இணையத்தில் உள்ளன. மிஷனெரிமார் எழுதியவை மட்டும் அல்ல. உபதேசிமாரும் நாட்டுக் குருமாரும் ஊர் ஊராய்ச் சென்று யாருடன் பேசினர், என்ன மறுமொழி பெற்றனர் என்று எழுதிய குறிப்புகளும் மொழிபெயர்க்கப்பட்டு அவற்றில் இடம்பெற்றுள்ளன. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் போன்றோரின் குரலை அங்கே கேட்கலாம். தமிழில் பேசிய அவர்களுடைய பேச்சு, பழைய ஜெர்மன் அச்செழுத்தில் உறைந்து கிடக்கிறது. அவ்வெழுத்தை வாசிக்கப் பழகுவதற்குச் சில வாரங்கள் போதும். மொழியைக் கற்க ஓரிரு ஆண்டுகள் ஆகும். கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் நேரம் ஒதுக்கும் நம் பாடத்திட்டங்களில், திருச்சபை வரலாற்றைத் தெரிந்தெடுக்கும் மாணவர் இருவருக்கேனும் அம்மொழியைக் கற்பிக்க இடம் இருக்குமானால், மேற்கூறிய தளங்கள் அனைத்திலும் இதுவே நம்மவருக்கு அதிகம் பயன்படுவதாக அமையும்.